பண்ணு, ஆகு: ஆங்கில வினைகளுக்குச் சென்னைப் பேச்சு வைத்திருக்கும் இலக்கணம்

லஸ் பக்கம் மெட்ரோ ரயில் வேலை தொடங்கியதிலிருந்து மயிலாப்பூரில் அடிக்கடி காதில் விழும் வாக்கியங்கள் இரண்டு. "ரூட்டை டைவர்ட் பண்ணிட்டாங்க" என்பது ஒன்று. "ரோடு பிளாக் ஆயிருக்கு" என்பது மற்றொன்று. டைவர்ட், பிளாக் இரண்டும் ஆங்கில வினைகள். முதலாவதோடு 'பண்ணு' ஒட்டிக்கொள்கிறது, இரண்டாவதோடு 'ஆகு'. அடையாறு டிப்போவில் நிற்கும் கண்டக்டரும் பாண்டி பஜார் துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண்ணும் இந்த இரண்டையும் மாற்றிப் போடுவதில்லை. "29சி பிரேக்டவுன் ஆயிடுச்சு" என்பார்கள். "பிரேக்டவுன் பண்ணிடுச்சு" என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஆங்கிலம் பேசத் தெரியாதவர்கூட ஓர் ஆங்கில வினையைக் கேட்டதும் அது எந்த வகை என்று கண்டுகொண்டு, அதற்குரிய துணையைச் சேர்த்துவிடுகிறார்.

இவ்வளவு தேர்ச்சி உள்ள ஊரில், பள்ளிப் பிள்ளைகள் ஆங்கில வினை வகைகளை ஏன் மனப்பாடம் செய்தும் மறந்தும் திண்டாட வேண்டும்? பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்த தமிழ் வினையிலிருந்து பாடத்தைத் தொடங்காததே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஆங்கில வினை பற்றி இலக்கணக்காரர்களும் மொழியியலாளர்களும் சொன்னவற்றையும், நம் ஊரில் அதைக் கற்பிக்க நடந்த முயற்சிகளையும் அந்தக் கண்ணோடு இங்கே பார்க்கலாம்.

முதலில் பாடநூல் தரும் பட்டியல். டிரான்சிட்டிவ், இன்டிரான்சிட்டிவ், லிங்கிங், ஆக்ஸிலரி, மோடல், ரெகுலர், இர்ரெகுலர், ஸ்டேட்டிவ், ஃப்ரேசல் என்று அது நீளும். 1930களில் பம்பாயிலிருந்து வெளிவந்து இன்றும் சென்னைப் புத்தகக் கடைகளில் விற்கும் ரென் அண்ட் மார்ட்டின் முதல் நேற்று அச்சான கைடு வரை ஏறக்குறைய இதே வரிசைதான். இதைப் படிக்கும் மாணவர், இவை ஒரே வகுப்பில் இருக்கும் ஒன்பது பிள்ளைகள் போலத் தனித்தனி என்று எண்ணிவிடுகிறார். அப்படி இல்லை. பட்டியலில் நான்கு வேறு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. வினைக்குச் செயப்படுபொருள் வேண்டுமா? அது செயலைச் சொல்கிறதா, நிலையைச் சொல்கிறதா? தனித்து நிற்குமா, வேறு வினைக்குத் துணை போகுமா? இறந்தகால வடிவம் எப்படி அமைகிறது? இந்த நான்குக்கும் ஒவ்வொரு வினையும் பதில் சொல்லும். 'பிரேக்' என்ற ஒரே வினை செயப்படுபொருளோடும் வரும், இல்லாமலும் வரும், அது செயல்வினை, தனித்து நிற்கும், இறந்தகாலத்தில் ஒழுங்கு மாறும். கேள்விகளைப் பிரித்து வைத்தாலே குழப்பத்தில் பாதி போய்விடும்.

இந்தக் கேள்விகள் தமிழுக்குப் புதியவை அல்ல. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் ஆறாவது இயல் வினையியல். வேற்றுமை உருபு ஏற்காது, காலம் காட்டும் என்று வினையை அது வரையறுக்கிறது. நன்னூல் இன்னும் ஒரு படி போய், ஒரு வினைமுற்றுக்குள் ஆறு செய்திகள் அடங்கியிருப்பதாகச் சொல்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள். 'வனைந்தான்' என்றால் குயவனும் சக்கரமும் குடமும் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஒரு வினை தன்னைச் சுற்றி யார் யாரை, எதை எதை எதிர்பார்க்கிறது என்பதைத்தான் இன்றைய மொழியியலும் வினை ஆய்வின் மையமாகக் கொண்டிருக்கிறது. மொழியியலாளர் பெத் லெவின் 1993இல் வெளியிட்ட நூல் 3,000க்கு மேற்பட்ட ஆங்கில வினைகளை, அவை எந்தெந்த வாக்கிய அமைப்புகளில் வருகின்றன என்பதைக் கொண்டே வகைப்படுத்துகிறது. நன்னூலை எழுதிய பவணந்தியாரும் லெவினும் வினையை ஒரே பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

நம் மாநிலப் பாடத்திட்டத்தின் ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் தன்வினை, பிறவினை, காரணவினை, துணைவினை எல்லாம் இருக்கின்றன. அதே மாணவர் அடுத்த பீரியடில் ஆங்கிலப் புத்தகத்தைத் திறந்து டிரான்சிட்டிவையும் ஆக்ஸிலரியையும் படிக்கிறார். தமிழ் ஐயா சொன்னதுக்கும் இங்கிலீஷ் மிஸ் சொல்வதுக்கும் தொடர்பு உண்டு என்று இரு வகுப்பிலும் யாரும் சொல்வதில்லை. சில பள்ளிகளில் ஆங்கில வகுப்பில் தமிழ் வாயைத் திறக்கவே கூடாது. இந்தக் கண்டிப்பு பிள்ளைகளிடமிருந்து எவ்வளவு பெரிய உதவியைப் பிடுங்கிவிடுகிறது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

இதே ஊரில் ஒரு காலத்தில் நிலைமை தலைகீழாக இருந்தது. 1812இல் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ் முயற்சியால் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் ஆங்கிலேய இளைஞர்கள் தமிழ் வினையைக் கற்றுக்கொள்ளத் திணறினார்கள். நுங்கம்பாக்கத்துக் காலேஜ் ரோடு என்ற பெயர் அந்தக் கல்லூரியின் நினைவாக நிலைத்தது. அங்கே தாண்டவராய முதலியார் போன்ற புலவர்கள் பணியாற்றினார்கள். அதற்கு முன்பே தரங்கம்பாடி மிஷனரி சீகன்பால்கு லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாகியிருந்தது. தமிழைக் கற்க வந்த அயலார் எல்லோரும் தங்களுக்குத் தெரிந்த மொழியின் இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் நம் வினையை அளந்தார்கள். அப்படி அளந்ததால் சில தவறுகள் நேர்ந்தன, ஆனாலும் கற்றார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை வெளிவந்தபோது, தமிழ் வினைகளைக் காலம் காட்டும் முறைப்படி 13 வகையாக எண்ணிட்டுக் கொடுத்தது. அயல் இலக்கணத்தின் வழியாகச் சொந்த மொழியைப் புதிதாகப் பார்க்கும் பழக்கம் அதில் தெரிகிறது. நாம் ஆங்கிலத்தைக் கற்கும்போது மட்டும் கையில் இருக்கும் அளவுகோலைக் கீழே போட்டுவிடச் சொல்வது என்ன நியாயம்?

முதல் கேள்வியான செயப்படுபொருளைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். மிகுந்த பலன் இங்கேதான் கிடைக்கிறது.

'கண்ணாடி உடைந்தது', 'கண்ணாடியை உடைத்தான்'. தமிழ் இங்கே வினையின் வடிவத்தையே மாற்றுகிறது. திரும்பு–திருப்பு, ஏறு–ஏற்று, ஓடு–ஓட்டு, உருகு–உருக்கு, நிரம்பு–நிரப்பு என இந்த இணைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆங்கிலம் பெரும்பாலும் ஒரே வடிவத்தை இரண்டுக்கும் வைத்துக்கொள்கிறது: பிரேக், டர்ன், மெல்ட், ஓப்பன், ஸ்டாப். பஸ் நின்றாலும் ஸ்டாப், டிரைவர் பஸ்ஸை நிறுத்தினாலும் ஸ்டாப். பழைய ஆங்கிலத்தில் நம்மைப் போல இணைகள் நிறைய இருந்தன. அந்த வகையைச் சேர்ந்தவையே மாணவர்களை வாட்டும் ரைஸ்–ரெய்ஸ், லை–லே, ஃபால்–ஃபெல், சிட்–செட். 'எழு–எழுப்பு', 'விழு–வீழ்த்து' என்று பக்கத்தில் எழுதிக் காட்டினால் ஒரு நிமிடத்தில் புரியக்கூடிய விஷயம் இது.

இந்தத் தமிழ் இணைகளை மேலைநாட்டு டிரான்சிட்டிவ்–இன்டிரான்சிட்டிவ் பாகுபாட்டுக்குள் அப்படியே அடைக்க முடியாது என்று பேராசிரியர் கு. பரமசிவம் 1979இல் வெளியான தம் ஆங்கில நூலில் வாதிட்டார். செயலின் விளைவு எழுவாயின் மேலேயே வந்து படுகிறதா, அல்லது எழுவாய் அதைப் பிறிதொன்றின் மேல் நிகழ்த்துகிறதா என்பதே தமிழின் பிரிவு என்பது அவர் கருத்து. தமிழ் வினையைப் பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்டவற்றில் என் மதிப்பில் இதற்கு முன்வரிசையில் இடம் உண்டு. ஆங்கில ஆசிரியர்கள் இதைப் படித்ததாகத் தெரியவில்லை என்பது பெரிய குறை.

பரமசிவம் சொன்னதைப் பண்ணு–ஆகு இணை தினமும் நிரூபித்துக்கொண்டிருக்கிறது. தமிழ் இணையில் இருக்கும் வேறுபாடு ஆங்கிலச் சொல்லில் இல்லாததால், கடன் வாங்கிய வினையோடு சென்னைப் பேச்சு அந்த வேறுபாட்டைத் தானே சேர்த்துக்கொள்கிறது. "போனை சார்ஜ் பண்ணு", "போன் சார்ஜ் ஆகுது". "கடையை ஓப்பன் பண்ணிட்டாங்க", "கடை ஓப்பன் ஆயிடுச்சு". "ஃபைலை டவுன்லோடு பண்ணு", "டவுன்லோடு ஆகுது". இப்படித் தன் பொருள் மெலிந்து இன்னொரு சொல்லைத் தூக்கி நிறுத்தும் வினைகள் ஆங்கிலத்திலும் உண்டு. 'டேக் எ வாக்', 'ஹேவ் எ லுக்' போன்றவற்றில் வரும் டேக்கும் ஹேவும் அப்படிப்பட்டவை. டென்மார்க் அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் அவற்றுக்கு 'லைட் வெர்ப்' என்று பெயரிட்டார்.

இதற்கு மேல் ஒரு நுட்பம் இருக்கிறது. "வாக் பண்றேன்", "டிராவல் பண்றேன்", "ஜம்ப் பண்ணினான்" என்கிறோம். இவற்றில் செயப்படுபொருள் ஏது? பாடநூல்படி வாக்கும் ஜம்ப்பும் இன்டிரான்சிட்டிவ். பிரேக்டவுனும் அப்படியே. இருந்தும் ஒன்று பண்ணு, மற்றது ஆகு. ஆகவே, சென்னைப் பேச்சு கேட்கும் கேள்வி, எழுவாய் தானாக விரும்பிச் செய்கிறதா அல்லது அதற்கு ஏதோ நேர்கிறதா என்பதே. செயப்படுபொருள் இல்லாத வினைகளுக்குள்ளேயே இந்த இரண்டு பிரிவு உண்டு என்பதை மொழியியலில் டேவிட் பெர்ல்மட்டர் 1978இல் ஒரு கோட்பாடாக முன்வைத்தார். அதன்மேல் இன்றுவரை எழுதிக் குவித்திருக்கிறார்கள். பாண்டி பஜாரில் பேசுகிறவர்கள் அந்தப் பிரிவை வாய்ப்பேச்சில் துல்லியமாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

இது வெறும் அழகான தகவல் அல்ல. ஆங்கில விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பிழைக்கு இது விளக்கம் தருகிறது: 'தி ஆக்ஸிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்', 'தி டிரெயின் வாஸ் அரைவ்ட்'. ஆசிரியர் சிவப்பு மையால் 'வாஸ்' என்பதை அடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். மாணவர் ஏன் அப்படி எழுதினார்? ஹேப்பன், அரைவ் இரண்டிலும் எழுவாய் செய்கிறவனாக இல்லை. நேர்வதைச் சொல்லும் வாக்கியத்துக்குச் செயப்பாட்டுவினை வேண்டும் என்று அவர் மனம் சரியாகவே கணக்குப் போடுகிறது. சீனம், ஜப்பானியம் பேசுவோரும் ஆங்கிலம் கற்கையில் இதே வகைப் பிழையைச் செய்வதை ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். "இது ஆகு வினை, ஆங்கிலத்தில் ஆகு வினைகள் பல, வாஸ் இல்லாமல் தாமே நிற்கும்" என்று ஒரு வரி சொன்னால் மாணவர் தன் பிழையின் வேரைப் பார்த்துவிடுவார்.

இரண்டாவது கேள்வி செயலும் நிலையும் பற்றியது. 'ஐ யாம் நோயிங்', 'ஐ யாம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்' போன்ற வாக்கியங்கள் இந்திய ஆங்கிலத்தின் அடையாளமாகவே பேசப்படுகின்றன. நோ, லைக், வான்ட், அண்டர்ஸ்டாண்ட், ரிமெம்பர், ஹேவ் போன்றவை நிலை வினைகள், அவற்றுக்குப் பொதுவாக -இங் வராது என்று புத்தகம் சொல்லி ஒரு நீண்ட பட்டியலைக் கொடுக்கும். தத்துவப் பேராசிரியர் ஜீனோ வெண்ட்லர் 1957இல் எழுதிய கட்டுரை, வினைகளை அவை காலத்தில் நிகழும் விதத்தால் நான்காகப் பிரித்தது. அவற்றுள் முதல் பெரிய கோடு நிலைக்கும் மற்றவற்றுக்கும் இடையில்தான் விழுகிறது. பட்டியலை மனப்பாடம் செய்யாமல் அந்தக் கோட்டைக் காண ஒரு வழி நம்மிடம் உண்டு. மேலே சொன்ன வினைகளைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேணும், எனக்குப் புரியுது, எனக்கு ஞாபகம் இருக்கு, எனக்கு ரெண்டு அக்கா இருக்காங்க. எல்லாவற்றிலும் 'நான்' விலகி 'எனக்கு' வந்துவிட்டது. 'எனக்கு' வந்தால் பெரும்பாலும் -இங் கூடாது.

ஹேவ் என்ற ஒரே வினைக்குள்ளேகூட இந்தச் சோதனை வேலை செய்கிறது. 'ஐ யாம் ஹேவிங் லன்ச்' சரி. தமிழில் அது 'நான் சாப்பிடுறேன்'. 'ஐ யாம் ஹேவிங் எ கார்' தவறு. தமிழில் அது 'என்கிட்ட கார் இருக்கு'. இங்கே வருவது 'என்கிட்ட'. ஆனாலும் 'நான்' இல்லை என்பதைக் கவனியுங்கள். மார்கழி சீசனில் மயிலாப்பூர் சபாவில் உட்கார்ந்து 'நான் கச்சேரி கேக்குறேன்' என்றால் லிஸன், வெளியே ஹாரன் அடிக்கும்போது 'எனக்குச் சத்தம் கேக்குது' என்றால் ஹியர். ஸீ, லுக் இரண்டுக்கும் இதே கணக்கு: எனக்குத் தெரியுது, நான் பாக்குறேன். இந்தச் சோதனை எல்லா இடத்திலும் செல்லாது. பிலீவ், ஹேட் ஆகியவை நிலை வினைகள்தாம். ஆனால் நாம் 'நான் நம்புறேன்', 'நான் வெறுக்கிறேன்' என்கிறோம். விலக்குகள் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும். பட்டியல் முழுவதையும் உருப்போடுவதோடு ஒப்பிட்டால் அது பெரிய சுமை அல்ல.

எழுவாயை அதன் தன்மையோடு இணைக்கும் லிங்கிங் வினைக்குத் தமிழில் நேர் இணை தேடுவோர் 'குறிப்பு வினை'யை நினைக்கலாம். 'அவன் நல்லன்' என்பதில் பெயரடியே வினைமுற்றாகி நிற்கிறது, காலம் குறிப்பாக உணரப்படுகிறது. பேச்சில் 'அவர் டாக்டர்' என்று வினையே இல்லாமல் முடிப்போம். ஆங்கிலத்துக்கோ இடையில் ஒரு 'இஸ்' கட்டாயம். இதைவிடச் சிக்கல் தருவது 'நல்லா'. 'காபி நல்லா இருக்கு' என்பதில் நல்லா வினையடை. அதனால்தான் 'தி காபி டேஸ்ட்ஸ் நைஸ்லி' என்று எழுதத் தோன்றுகிறது. டேஸ்ட், ஸ்மெல், லுக், ஃபீல் ஆகியவை எழுவாயின் தன்மையைச் சொல்லும்போது பெயரடையையே ஏற்கும் என்பதைக் காரணத்தோடு சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி துணைவினை பற்றியது. அதில் மோடல் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கேன், மே, மஸ்ட் ஆகியவற்றின் வேலையைத் தமிழில் முடியும், -லாம், -ணும் செய்கின்றன. அவை வினைக்குப் பின்னால் வரும், ஆங்கிலத்தில் முன்னால். 'போகலாம்' என்ற ஒன்று அனுமதி, வாய்ப்பு, அழைப்பு மூன்றையும் சொல்லும் என்பதால் ஆங்கிலத்தில் எதைத் தேர்வது என்ற தடுமாற்றம் உண்டு. எதிர்மறையிலோ தமிழ் வழிகாட்டி நிற்கிறது: போகக் கூடாது என்றால் மஸ்ட் நாட், போகத் தேவையில்லை என்றால் நீட் நாட்.

'டு' என்ற துணைவினை மட்டும் தனியாகப் பேசப்பட வேண்டியது. 'ஹி டிட் நாட் வென்ட்' என்ற பிழை கல்லூரி வரை தொடர்கிறது. தமிழில் 'போனான்' என்பதை எதிர்மறையாக்கினால் 'போனான் இல்லை' என்று சொல்வதில்லை. 'போகவில்லை' என்கிறோம். காலமும் பாலும் காட்டிய உறுப்புகள் உதிர்ந்து, வினை 'போக' என்ற வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. ஆங்கிலத்திலும் காலத்தை 'டிட்' வாங்கிக்கொண்டதும் வென்ட் திரும்பவும் கோ ஆகிறது. இரண்டு மொழியிலும் எதிர்மறை வந்தவுடன் முதன்மை வினை தன் காலத்தைக் கழற்றி வைத்துவிடுகிறது. எந்தக் கைடிலும் இந்த ஒப்பீட்டை நான் பார்த்ததில்லை.

ஃப்ரேசல் வினைகளிலும் இப்படி ஓர் உறவு தென்படுகிறது. 'ஈட் அப்' என்பதில் வரும் 'அப்' மேலே என்ற பொருளில் வரவில்லை. செயல் முழுதாக முடிந்ததைச் சொல்கிறது. 'சாப்பிட்டுவிட்டான்' என்பதில் 'விடு' செய்யும் வேலை அதுவே. விடு, போடு, கொள், பார் போன்ற துணைவினைகள் தமிழ் வினையின் பொருளை எப்படி விரிக்கின்றன என்பதை மொழியியலாளர் இ. அண்ணாமலை 1985இல் வெளியான நூலில் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

நான்காவது கேள்வியான இறந்தகால வடிவங்களைப் பற்றி ஒன்று மட்டும். ஆங்கிலத்தில் ஒழுங்கு மாறும் வினைகள் ஏறக்குறைய 200. மிக அதிகம் புழங்கும் வினைகளான பி, ஹேவ், டு, ஸே, கோ, கெட், மேக் எல்லாம் அவற்றுள் அடங்கும். தமிழிலும் வா, தா, போ போன்ற அன்றாட வினைகளே வடிவம் மாறி நிற்கின்றன. தினம் வாயில் புழங்குவதால்தான் பழைய வடிவம் தேயாமல் நின்றிருக்கிறது. ஆகவே அவற்றை அட்டவணையாக ஒப்பிப்பதைவிடப் பேச்சில் புழங்கவிடுவதே வழி.

கற்பித்தல் வரலாறும் இந்தக் கேள்வியைச் சுற்றியே வந்திருக்கிறது. 1950களின் இறுதியில் பிரிட்டிஷ் கவுன்சில் துணையோடு சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய இயக்கம் நடந்தது. 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தருவது அதன் இலக்கு. பயிற்சி பெற்றவர் பிறருக்குப் பயிற்சி தர, அவர் இன்னும் சிலருக்குத் தர, இப்படி உருண்டு பெருகும் என்பதால் 'மதராஸ் ஸ்னோபால்' என்று பெயர் பெற்றது. வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக அடுக்கி, திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது அதன் முறை. அதில் பழகிய தலைமுறையில் பலருக்கு வாக்கியம் பிசகாது. ஆனால் வினை ஏன் அப்படி நிற்கிறது என்று கேட்டால் பதில் வராது. பிறகு சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை உள்ளிட்ட ஊர்களின் பள்ளிகளில் நேரெதிரான சோதனையை நடத்தினார். இலக்கணம் என்ற பெயரே வகுப்பில் வராது. ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்வார்கள். மனம் பொருளில் மூழ்கியிருக்கும்போது இலக்கணம் தானே படியும் என்பது பிரபுவின் நம்பிக்கை. 1987இல் அவர் எழுதிய நூல் உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் படிக்கப்படுகிறது. பிரபுவின் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் இரண்டு முறைகளும் ஒன்றைத் தொடவில்லை. பிள்ளையின் வாயில் ஏற்கெனவே முழுமையாக இயங்கும் வினை இலக்கணம் ஒன்று இருக்கிறது, அதைப் பாடத்துக்குப் பயன்படுத்தலாம் என்பதை இரண்டும் எண்ணிப் பார்க்கவில்லை.

இனி வேண்டியது உழைப்பு. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஒவ்வொரு தமிழ் வினைக்கும் 'செய்ய, செய்து' என்று வடிவங்களைக் கொடுத்து, துணைவினைப் பயன்பாட்டையும் தனியே பிரித்துக் காட்டியது. அதே அக்கறையோடு ஓர் ஆங்கில வினைக் கையேடு தமிழில் வர வேண்டும். ஒவ்வொரு வினைக்கும் எதிரே பண்ணுவா, ஆகுவா, இரண்டுமா; நானா, எனக்கா; -இங் வருமா என்று குறித்திருக்க வேண்டும். முதலில் சேகரிக்க வேண்டியவை இந்தக் கணக்குக்கு அடங்காத சொற்கள். "உன்னை மிஸ் பண்றேன்", "ஃபீல் பண்ணாதே", "லவ் பண்றேன்" என்று மன நிலைகளுக்கும் சென்னைப் பேச்சு பண்ணு போடுகிறது. 'ஐ யாம் லவ்விங் ஹர்' போன்ற வாக்கியத்தின் வேர் இங்கேதான் இருக்க வேண்டும். "அந்தக் கலர் உனக்கு சூட் ஆகுது", "எனக்கு செட் ஆகாது" ஆகியவற்றில் ஆகுவும் எனக்குவும் சேர்ந்து வருகின்றன. 'லைக்' புதிதாக இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒரு பாட்டை ரசித்தால் 'எனக்குப் பிடிக்கும்', போனில் அதற்கான பொத்தானை அழுத்தினால் 'லைக் பண்ணினேன்'. அந்தப் பொத்தானின் லைக்குக்கு ஆங்கிலத்திலும் இப்போது -இங் போட்டுப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.